அந்தப் பொட்டலத்தை மறைக்க வேண்டாம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 56 வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு, காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். லெஃப்ளூனமைடு என்ற மாத்திரையும் இருந்தது. பலனில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் நிறுத்திவிட்டார். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில், புது மருந்துக்கான கிளினிக்கல் ட்ரயலில் சேரலாம் என்கிறார்கள். ஆனால் அதற்கு ஆயிரம் நிபந்தனை. பதினொரு நாள் ஏதோ பவுடர் குடிக்க வேண்டுமாம். முழங்காலில் இரண்டு வாரத்துக்கு முன் ஊசி போட்டதால் காத்திருக்க வேண்டுமாம். நாட்டு மருந்து எதுவும் கூடாதாம். அம்மா பக்கத்து ஊர் வைத்தியரிடம் சூரணப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார். அதை நாங்கள் அங்கே சொல்லவில்லை. அது இருந்தால்தான் அவர் ராத்திரி தூங்குகிறார். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்வது நியாயமா? பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?
- திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது பிரிக்காத ஒரு பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் அதுவரை அம்மா அதைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். இந்த இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை விட முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். சித்த மருந்துகள் எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர்கள் என் நண்பர்களாக இருக்கிறார்கள். எதைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எழுதியே கொடுப்பார்கள். எனக்குச் சந்தேகம் பெயரில்லாத பொட்டலத்தின் மேல்தான். முடக்குவாத வலி ஒரே ராத்திரியில் அடங்குகிறது என்றால், மருந்தியல் படித்த எவருக்கும் முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கென்று விற்கும் பெயரில்லாத பொடிகளில் டெக்ஸாமெத்தசோனையோ பிரெட்னிசலோனையோ பொடித்துக் கலப்பது நம் ஊரில் புதிதல்ல. உங்கள் வைத்தியர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்ல முடியாது. அம்மாவின் முகம் சமீபத்தில் உருண்டு போயிருக்கிறதா, எடை கூடியிருக்கிறதா, சர்க்கரையோ பிரஷரோ புதிதாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அதில் ஸ்டீராய்டு இருந்து, பல மாதமாகச் சாப்பிட்டும் வந்திருந்தால், அம்மாவின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருவதால் உள்ளே சுரக்க வேண்டிய அவசியம் இல்லையே. அந்த நிலையில் ஒரே நாளில் நிறுத்தினால் கடும் அசதி, வாந்தி, பிரஷர் இறக்கம், மயக்கம் எல்லாம் வரலாம். சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். தினமும் சாப்பிடும் 5 மில்லிகிராம் மாத்திரை அந்தப் பள்ளத்தை மூடப் போதாமல் போகலாம். காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்து அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் அளவு பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எப்படிக் குறைப்பது, எவ்வளவு நாளில் குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயப்படுகிறீர்கள். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முடக்குவாத ட்ரயலில் சேர, நோய் இப்போது தீவிரமாக இருக்க வேண்டும். இத்தனை மூட்டாவது வீங்கியிருக்க வேண்டும், இத்தனை மூட்டாவது தொட்டால் வலிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து எண்ணுவார். முதல் நாள் ராத்திரி பொட்டலம் சாப்பிட்டுவிட்டுப் போனால் வீக்கம் இறங்கி, கணக்கு குறைந்து, அதனாலேயே அம்மாவைத் திருப்பி அனுப்பக்கூடும். நீங்கள் மறைக்கிற பொருளே வாசலை அடைக்கும்.

அதையும் மீறிச் சேர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாதம் வைத்தியர் ஊரில் இல்லாமல் பொட்டலம் கிடைக்கவில்லை. வலி திரும்பி வரும், கூடவே வாந்தியும் அசதியும் வரும். ட்ரயல் டாக்டர் என்ன நினைப்பார்? புது மருந்து பலன் தரவில்லை, வாந்தி அதன் பக்கவிளைவு என்று எழுதிக்கொள்வார். சிகிச்சையும் அந்தத் திசையில்தான் போகும். உண்மைக் காரணம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்.

சரி, இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்வது நியாயமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர்கள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொன்னதாகவோ, 5 மில்லிகிராம் ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னதாகவோ நீங்கள் எழுதவில்லை. அனேகமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். முடக்குவாத ட்ரயல்கள் பலவற்றில் மெத்தோட்ரெக்சேட் தொடரும். அதன் மேல்தான் புது மருந்தையோ, மருந்தில்லாத டம்மி மாத்திரையையோ சேர்த்துக் கொடுப்பார்கள். அவர்கள் கேட்பது, இத்தனை வாரமாக ஒரே அளவில் சாப்பிட்டிருக்க வேண்டும், இனியும் ஏற்றி இறக்கக் கூடாது என்பது. "நிறுத்து" என்பது ஒரு கட்டளை, "மாற்றாதே" என்பது வேறு கட்டளை. பதற்றத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. நல்லதுக்குத்தானே என்று நீங்களாக ஸ்டீராய்டை இரண்டரை மில்லிகிராமாகக் குறைத்தால் அதுவும் நிபந்தனை மீறல்தான்.

முழங்கால் ஊசி விஷயமும் இதே கணக்குத்தான். மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டின் வேலை வாரக்கணக்கில் நீடிக்கும். கொஞ்சம் ரத்தத்திலும் கலந்து மற்ற மூட்டுகளையும் தொடும். அது அடங்குவதற்குள் ட்ரயலைத் தொடங்கினால், முன்னேற்றம் ஊசியாலா புது மருந்தாலா என்று யாருக்கும் தெரியாது. காத்திருங்கள், அவ்வளவுதான். இதில் அம்மாவுக்கு ஆபத்து எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும்தான்.

லெஃப்ளூனமைடு கதை வேறு. எந்த மருந்தும் உடம்பில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்போம். அப்படி ஐந்து முறை பாதியானால் மிஞ்சுவது சுமார் 3 சதவீதம். அதனால்தான் பல ட்ரயல்களில் ஐந்து அரை ஆயுள் காத்திரு என்று எழுதுகிறார்கள். சாதாரண வலி மாத்திரைக்கு இது ஓரிரு நாள். லெஃப்ளூனமைடு உடம்பில் மாறி உண்டாகும் பொருளுக்கு அரை ஆயுளே கிட்டத்தட்ட இரண்டு வாரம். அது பித்தத்தோடு குடலுக்கு வந்து, குடலிலிருந்து மறுபடியும் ரத்தத்துக்கே போகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால், மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆன பின்னும் சிலரின் ரத்தத்தில் தடயம் இருக்கும். அம்மா நிறுத்தி மூன்று வாரம்தான் ஆகிறது.

அந்தப் பவுடர் அனேகமாகக் கொலஸ்டிரமின். 8 கிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, 11 நாள் என்பது வழக்கமான முறை. அது ரத்தத்துக்குள் போகாது. குடலிலேயே நின்று, பித்தத்தோடு வரும் மருந்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். மணல் மணலாக இருக்கும், குடிக்க நன்றாக இருக்காது. வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும். இப்படிப் பழைய மருந்தை உடம்பிலிருந்து கழுவி எடுப்பதை வாஷ்அவுட் என்பார்கள். ஏன் இவ்வளவு அக்கறை என்றால், லெஃப்ளூனமைடும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும், புது மருந்தும் அடக்கும். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைத் தொடும், லெஃப்ளூனமைடும் தொடும். மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்து நிமோனியாவோ மஞ்சள் காமாலையோ வந்தால் அவதிப்படப் போவது உங்கள் அம்மா. இந்த நிபந்தனை கம்பெனிக்காக மட்டும் போட்டதல்ல.

ஒரு மருந்து இன்னொன்றோடு மோதினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் கதை ஜப்பானில் நடந்தது. 1993-ல் அங்கே அக்கிக்கு சொரிவுடின் என்ற புது மருந்து விற்பனைக்கு வந்தது. அக்கி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதிகம் வரும்; அவர்களில் பலர் புற்றுநோய்க்காக ஃப்ளூரோயுராசில் வகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சொரிவுடின் உடம்பில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், ஃப்ளூரோயுராசிலைச் சிதைக்கும் என்சைமை முடக்கிவிடுகிறது. புற்றுநோய் மருந்து வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையையும் குடலையும் அழித்தது. விற்பனைக்கு வந்த 40 நாளுக்குள் 15 பேர் இறந்தார்கள். இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அதற்கு முன்பே, ட்ரயல் நடந்தபோதே 3 பேர் இதே காரணத்தால் இறந்திருந்தார்கள். மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டர்களிடம் அந்த எச்சரிக்கை உரிய அழுத்தத்தோடு போய்ச் சேரவில்லை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று ட்ரயலை ஒருங்கிணைக்கும் கோ-ஆர்டினேட்டர் நச்சரிக்கும்போது எனக்கு இந்த 18 பேர் ஞாபகம் வருவார்கள்.

நாட்டு மருந்து கூடாது என்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு, ஸ்டீராய்டு கலப்படம் இல்லாத சுத்தமான சூரணத்துக்கும் சேர்த்து. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் சில என்சைம்களை மந்தப்படுத்தும். 1998-ல் பெங்களூரிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்துக்குள் சேரும் குர்குமின் 20 மடங்கு கூடியது. மஞ்சளுக்கு அது லாபம். அளவு இன்னும் சரியாகத் தெரியாத புது மருந்துக்கு அப்படி நடந்தால் யார் பொறுப்பு? சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் சூரணமாகச் சாப்பிட்டால் சொல்லுங்கள். மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம், அம்மா வழக்கம்போலச் சாப்பிடட்டும். பம்பளிமாஸ் பழம் கூடாது என்று எழுதியிருந்தால் சிரிக்காதீர்கள். அதே குடும்பத்து கிரேப்ஃப்ரூட்டும் அதுவும் பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சேர்ப்பதற்கு முன் காசநோய்க்கும் சோதிப்பார்கள். உள்ளே உறங்கும் கிருமி இருந்தால், தடுப்பு மாத்திரை ஆரம்பித்து சில வாரம் கழித்துத்தான் சேர்ப்பார்கள். அதில் ரிஃபாம்பிசின் இருந்தால் சில புது முடக்குவாத மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் வெகுவாக இறங்கிவிடும். அதனால் எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை ட்ரயல் டாக்டரே முடிவு செய்யட்டும், பக்கத்து கிளினிக்கில் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் எல்லா நிபந்தனையும் சரி என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். சில வருடம் ஒரு மருத்துவமனையில், ட்ரயல்களைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். தடை செய்த மருந்துகள் என்று இரண்டு பக்கப் பட்டியல் வரும். இந்த மருந்து ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால், பல நேரம் வந்த பதில் "இது உலகம் முழுக்க ஒரே ப்ரோட்டோகால் சார்." அதாவது, போன ட்ரயலில் இருந்தது, அதனால் இதிலும் இருக்கிறது. புற்றுநோய் ட்ரயல்களில் இந்தப் பழக்கம் எவ்வளவு வேரோடியிருந்தது என்றால், 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வாஷ்அவுட் காலத்துக்கும் கூடவே சாப்பிடும் மருந்துகளுக்கும் மட்டுமே ஒரு வரைவு வழிகாட்டியை வெளியிட வேண்டியிருந்தது. காரணம் இருந்தால் மட்டும் தடை போடு, பொத்தாம் பொதுவாகப் போடாதே என்பதுதான் அதன் சாரம். வயதானவர்கள், நாலைந்து நோயோடும் எட்டு மாத்திரையோடும் வாழ்கிறவர்கள் எல்லாம் வெளியே நின்றுவிட்டால், மருந்து யாரிடம் சோதிக்கப்பட்டது? நோயாளிகளில் ஆரோக்கியமானவர்களிடம்.

தடை நியாயமாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1999-ல் ரேல்ஸ் என்ற ட்ரயலின் முடிவு வந்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரில் பாதிப் பேருக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரையைக் கொடுத்தபோது மரணம் 30 சதவீதம் குறைந்தது. அருமையான முடிவு. ஆனால் அதில் பொட்டாசியம் 5-க்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.5-ஐத் தாண்டியவர்களையும் சேர்க்கவில்லை. பொட்டாசியத்தைத் தேக்கும் வேறு நீர் மாத்திரைக்கு அனுமதி இல்லை. முடிவு வந்ததும் டாக்டர்கள் மருந்தை அள்ளி எழுதினார்கள், வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் சேர்த்து. கனடாவின் ஒன்டாரியோவில் ஏ.சி.இ. தடுப்பான் என்ற, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரையைச் சாப்பிடும் வயதான இதய நோயாளிகளிடையே, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்வது 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது 2001-ல் 11 ஆனது. ட்ரயலில் போட்ட வேலி, மருந்தோடு சேர்ந்து கடைக்கு வரவில்லை.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? அம்மாவைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டால், அந்தக் காரணத்தை எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். நாலு வருடம் கழித்து அதே மருந்து கடைக்கு வந்து, யாராவது எழுதிக்கொடுத்தால், அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம். அன்று இந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றீர்கள், இன்று பரவாயில்லையா என்று. நிராகரிப்பு என்பது நிரந்தரமும் அல்ல; ஊசிக்கான காத்திருப்பு முடிந்ததும் மறுபடி சோதித்துச் சேர்க்கும் வசதி பல ட்ரயல்களில் உண்டு.

உங்கள் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத விவரம் ஒன்று இருக்கிறது. பவுடரைக் குடிக்கச் சொல்வதற்கு முன் அம்மாவிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா? ட்ரயலுக்காக ஒரு மருந்தை நிறுத்துவதும், உடம்பிலிருந்து கழுவி எடுப்பதும் ட்ரயலின் ஒரு பகுதியேதான். முதலில் விளக்கம், பிறகு கையெழுத்து, அதற்குப் பிறகுதான் வாஷ்அவுட். "சும்மா ஆரம்பிச்சு வைங்கம்மா, பேப்பர் அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், பேப்பர் வரும் வரை பவுடர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

அந்தப் பேப்பர் தமிழில் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகளின்படி, ட்ரயலால் பாதிப்பு வந்தால் தேவைப்படும் வரை இலவசச் சிகிச்சை உண்டு, இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் படிவத்திலேயே இருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் நம் நாட்டு ட்ரயல்கள் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் பார்த்தால் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பட்டியல் அங்கேயே இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வாஷ்அவுட் நாட்களில் வலி கூடலாம். லெஃப்ளூனமைடு கொஞ்சநஞ்சம் தாங்கிக்கொண்டிருந்திருந்தால் அதுவும் போய்விடும். அந்த நேரம் எந்த வலி மாத்திரையை எவ்வளவு சாப்பிடலாம், ராத்திரி பத்து மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில ட்ரயல்களில் பரிசோதனைக்குப் போகும் நாள் காலையில் வலி மாத்திரை கூடாது என்பார்கள், அதையும் கேளுங்கள். தாங்க முடியாத நிலையில் ட்ரயலுக்குள்ளேயே மாற்று மருந்து தருவார்களா, எந்த வாரத்தில் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டம்மி மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு அம்மாவுக்கும் உண்டே.

கடைசியாக, தைராய்டு மாத்திரை. கொலஸ்டிரமின் லெஃப்ளூனமைடை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்காது. குடலில் எதிர்ப்படும் பல மருந்தையும் பிடித்துக்கொள்ளும், தைராய்டு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் உட்பட. தைராய்டு மாத்திரைக்கும் பவுடருக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். அம்மா விடிகாலை ஐந்து மணிக்கு எழுகிறவர் என்றால் அப்போதே மாத்திரையைப் போட்டுவிட்டு, முதல் வேளைப் பவுடரை ஒன்பது மணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு நாள் வரும் மெத்தோட்ரெக்சேட்டை அந்த 11 நாளில் எந்த நேரத்தில் போடுவது என்று கோ-ஆர்டினேட்டரிடம் கேட்டு, டாக்டரின் பதிலைக் கையெழுத்தோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். பொட்டலத்தை எடுத்துப் போகும் அதே நாளில் இதையும் கேட்டுவிடலாம்.